நோட்டில் ஏறிய மாப்பிள்ளை

அக்கா மூன்றாவது தடவையாகப் போன் செய்தபோது, நான் காவ் பாங் பஸ் நிலையத்தில் வேனில் சாய்ந்து நின்றிருந்தேன்.

"பஸ் வந்துடுச்சா தொவான்?"

"இன்னும் வரலக்கா."

"வந்ததும் நேரா வீட்டுக்குக் கூட்டிட்டு வா. வழியில எங்கயும் நிறுத்தாதே. வாத்து மசாலாவுல ஊறிக்கிட்டு இருக்கு."

அவள் போனை வைத்த அடுத்த நிமிடம் ஹாய் போங் பஸ் உள்ளே நுழைந்தது. முதலில் குதித்தவள் என் அக்கா மகள் லுவா. அவளுக்குப் பின்னால் இரண்டு பைகளும், காய்ந்த கணவாய் வாசமும், அவள் புருஷன் கியெனும் இறங்கினார்கள்.

கியென் சரக்குக் கப்பலில் இன்ஜின் மெக்கானிக். கல்யாணம் ஆகி எட்டு மாதம். அதில் ஏழு மாதம் அவன் கடலில். இப்போது பத்து நாள் லீவு. அதில் இரண்டே இரண்டு இரவு எங்களுக்கு. கடல்காரன் இன்னும் பான் ஸோக் அருவியைப் பார்த்ததில்லை. காட்டத்தான் கூட்டி வந்திருக்கிறாள்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் லுவா குண்டைப் போட்டாள்.

"மாமா, வீட்டுக்கு வேண்டாம். அருவிகிட்ட ஏதாவது ஹோட்டல்ல இறக்கி விட்டுடுங்க."

என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

"உங்கம்மா என் தோலை உரிச்சுடுவா."

"அம்மா படுக்கை எப்படிப் போட்டிருக்கா தெரியுமா? பெருமையா போன்ல சொல்றா. நான் அவகூட உள் அறையில. இவரு அப்பாகூட அடுப்புப் பக்கம்."

"எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல மாமா" என்றான் கியென்.

"நீங்க சும்மா இருங்க. ஏழு மாசம் ஆம்பளைங்க குறட்டையக் கேட்டுட்டு வந்தது பத்தாதா? எங்கப்பா குறட்டை வேற வேணுமா?"

விஷயம் இதுதான். கட்டிக்கொடுத்த பெண் புருஷனோடு பிறந்த வீட்டுக்கு வந்தால், இருவரும் ஒரே அறையில் படுப்பதில்லை. படுத்தால் வீட்டு மாடத்தில் வைத்துக் கும்பிடும் முன்னோர் முகம் சுளிப்பார்கள், வீட்டுக்கு ஆகாது. இந்தக் காலத்தில் பலர் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறார்கள். என் அத்தான் சாம் இருக்கமாட்டார். அவர் வேலி போட்டால் கோழிக்குஞ்சுகூட நுழையாது.

"மாமா, நான் ஒண்ணு கேக்கறேன். ஹனோய்லேருந்து வர்ற ஜோடியெல்லாம் எங்க வீட்டு மாடியில தங்கிட்டுப் போகுது. நான் மட்டும் தங்கக் கூடாதா? என்ன நியாயம் இது?"

அக்கா வீட்டில் மூன்று அறைகளை அருவி பார்க்க வருபவர்களுக்கு விடுகிறார்கள். நல்ல அறை, கிழக்கு ஜன்னல் அறை, இந்தச் சனிக்கிழமைக்கு வேண்டுமென்றே யாருக்கும் கொடுக்காமல் காலியாக வைத்திருக்கிறாள். பெண்ணின் பைகளையாவது அங்கே வைக்கலாமே என்று. கல்யாணத்துக்குப் பிறகு அவள் தங்க வருவது இதுதான் முதல்முறை. மெத்தையை மூன்று நாள் வெயிலில் காயப்போட்டிருக்கிறாள் அக்கா. இப்போது பெண் ஹோட்டலில் இறங்கினாள் என்று போய்ச் சொல்ல வேண்டியவன் நான்.

முதலில் சுங் கான் டவுனில் ஒரு லாட்ஜ். காலை பத்து மணிக்கே கீழ்த்தளத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி இன்னும் நல்லா இருக்கும்" என்றார் லாட்ஜ்காரர்.

லுவா திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினாள்.

அடுத்தது அருவிக்கு நேர் எதிரே இருக்கும் ஹோட்டல். கண்ணாடி வழியே மொத்த அருவியும் தெரிந்தது. படிப்படியாக, வெள்ளையாக, இரைச்சலோடு. கியென் வாயைத் திறந்தபடி நின்றான். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைக்கூடப் பார்க்கவில்லை.

"அறுப்புக் காலம் அண்ணே. நெல்லு மஞ்சளா இருக்கற வரைக்கும் கேமராக்காரங்க கூட்டம். ஒரு மாசம் முன்னாடியே ஃபுல்லு."

"ஒரு ரூம்கூட இல்லயா?" என்றாள் லுவா.

அந்தப் பெண் ஜன்னல் வழியே ஆற்றுக்கு அப்பால் கையைக் காட்டினாள். "அந்தக் கரையில நிறைய இருக்கு. ஆனா அது சீனா. பாஸ்போர்ட் வச்சிருக்கீங்களா?"

கியென் சிரித்துவிட்டான். லுவா முறைத்தாள். ஆற்றில் எங்கள் ஊர் மூங்கில் தெப்பமும் அந்தக் கரைத் தெப்பமும் கைக்கெட்டும் தூரத்தில் மிதந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கத்துக்காரன் ஏதோ சொன்னான். அந்தப் பக்கத்துக்காரன் சிரித்தான்.

"பாருங்க மாமா. ரெண்டு நாட்டுக்காரங்க ஒரே தண்ணியில மிதக்கறாங்க. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே வீட்டுல படுக்கறதுக்கு எங்கப்பா எல்லைக்கல் நடறாரு."

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. போனை எடுத்தாள். யாரிடமோ பேசினாள். "இருக்கா? வர்றோம் அத்தை" என்று வைத்தாள்.

"எந்த அத்தை?" என்றேன்.

"ஃபாய் அத்தை. அவங்க வீட்டுல ஒரு ரூம் இருக்காம்."

ஃபாய் வீடும் அக்கா இருக்கும் அதே குவோய் கீ கிராமத்தில்தான். அக்கா வீடு மாதிரியே அதுவும் கல் வீடு. அங்கிருந்து சரியாக மூன்றாவது வீடு. அக்காவும் ஃபாயும் வாடிக்கை பிடிப்பதில் நான்கு வருடமாக ஒருவரையொருவர் முந்திக்கொண்டிருப்பவர்கள். ஒருத்தி பூந்தொட்டி வைத்தால் அடுத்த வாரம் மற்றவள் ஊஞ்சல் கட்டுவாள்.

"லுவா, டவுனுக்கே போயிடலாம். அந்தப் பாட்டுக்காரரை நான் பேசி நிறுத்தறேன்."

"வண்டிய எடுங்க மாமா."

எடுத்தேன். கிராமத்து ஓடைப் பாலத்தைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. அக்கா நியெம் தன் வீட்டுப் படிக்கட்டின் உச்சியில் நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேன் அவள் வீட்டைத் தாண்டியது. அவள் கை கீழே இறங்கியது.

மூன்றாவது வீட்டு வாசலில் ஃபாய் தயாராக நின்றாள். பையை வாங்குவதற்கு முன்பே குரலை உயர்த்தினாள். "வாம்மா லுவா! உன் வீடு மாதிரி நெனச்சுக்கோ!"

தெருவே கேட்டது.

அக்கா ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பையக் குடு ஃபாய்."

"பொண்ணுதான் போன் பண்ணுச்சுக்கா. நானா கூப்பிடல. உன் வீட்டுல இடமில்லன்னா எங்க போகும் பாவம்?"

"என் வீட்டுல இடமில்லன்னு யாரு சொன்னது?"

"அம்மா, இடம் இருக்கு. சேர்ந்து இருக்கத்தான் இடமில்ல" என்றாள் லுவா. "பத்து நாள்மா. பதினோராவது நாள் இவரு கப்பல் ஏறிடுவாரு. ஒரு ராத்திரியக்கூட நான் விடமாட்டேன். கோவிச்சுக்கோ. ஆனா விடமாட்டேன்."

அக்கா கண் கலங்குவதைப் பார்த்து ஃபாய்கூடப் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அத்தான் சாம் அப்போதுதான் கதிர் அரிவாளும் கையுமாக வயலிலிருந்து வந்தார்.

"என்ன கூட்டம்?"

நான்தான் இரண்டு வரியில் சொன்னேன். அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். "வீட்டுக்கு வாங்க. முதல்ல சாப்பிடுவோம். சண்டைய அப்புறம் போட்டுக்கலாம்."

வாத்து நன்றாக வெந்திருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. பைகள் படிக்கட்டின் நடுவே, மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் நின்றன. மாடத்தில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் அத்தான் ஒரு நீல நோட்டை எடுத்துக்கொண்டு போன் போட்டார். இது தினசரி வேலை. எல்லைப் பகுதி. எந்த வீட்டில் யார் இரவு தங்கினாலும் பேரை வட்டாரப் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும்.

"மாடியில முதல் ரூம், ஹனோய் தம்பதி, ரெண்டு பேரு. எழுதிக்கிட்டீங்களா தம்பி? ரெண்டாவது ரூம், அதே மாதிரி ரெண்டு பேரு. மூணாவது காலி."

கியென் மெதுவாகக் கேட்டான். "அப்பா, அந்த ஹனோய் ஜோடி ஒரே ரூம்லதான இருக்காங்க? முன்னோர்கள் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவங்க வெளி ஆளு. ரூம் விட ஆரம்பிச்ச அன்னிக்கே கோழியும் சாராயமும் வச்சு மாடத்துல சொல்லிட்டேன். 'இந்த நோட்டுல பேரு ஏறினவங்க கூலி குடுத்துத் தங்கறவங்க. அவங்க கணக்குல நீங்க தலையிடாதீங்க'ன்னு."

"கப்பல்லயும் அப்படித்தான்பா. எந்த லிஸ்ட்டுல பேரு இருக்கோ அதுதான் நம்ம இடம்." அவன் கொஞ்சம் நிறுத்தினான். "என் பேரையும் அந்த நோட்டுல ஏத்திடுங்களேன்."



அத்தான் நோட்டைப் பார்த்தார். மாடத்தைப் பார்த்தார். அவர் மனதில் ஏதோ கதவு திறப்பது முகத்திலேயே தெரிந்தது. உடனே அது சாத்திக்கொண்டது.

"முடியாது. நோட்டுல ஏறினா வாடகை வாங்கணும். வாங்காம எழுதினா அது பொய். மாடத்துல பொய் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளைகிட்ட வாடகை வாங்கினா இந்தத் தெருவுல நான் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா? அந்த ஃபாய் ஒருத்தி போதும்."

லுவா எழுந்தாள். பையை எடுக்கத்தான். அக்கா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருடி. ஏங்க, கூலி குடுத்துத் தங்கறவங்கன்னுதான மாடத்துல சொன்னீங்க? கூலின்னா காசுதான்னு சொன்னீங்களா?"

"இல்ல..."

"ஓடைப் பக்கத்து வயல் அறுக்காம நிக்குது. ஆள் கெடைக்கலன்னு நாலு நாளா என் உயிர எடுக்கறீங்க. மாப்பிள்ளை நாளைக்கு அறுக்கட்டும். அதான் வாடகை. மாமனாருக்கு மாப்பிள்ளை கை குடுத்தா தெருவுல எவ என்ன பேசுவா? மெச்சுவா."

அத்தான் எழுந்து மாடத்துக்கு முன்னால் போய் மூன்று ஊதுபத்தி ஏற்றி, என்னவோ முணுமுணுத்தார். திரும்பி வந்து பேனாவைத் திறந்தார்.

"பேரு?" என்றார் மாப்பிள்ளையிடம், வெகு கண்டிப்பாக. "முழுப் பேரு. அடையாள அட்டையும் வேணும்."

மறுபடியும் போன். அந்தப் பக்கம் போலீஸ்காரர் குரல் எங்களுக்கே கேட்டது.

"மூணாவது ரூம் யாரு? லுவாவா? ஐயா, அது உங்க பொண்ணு இல்லயா?"

"ஆமா."

"பொண்ணை எதுக்குய்யா வாடகைக்காரங்க பட்டியல்ல சேக்கறீங்க?"

"குடும்ப விஷயம் தம்பி. நீங்க எழுதுங்க."

அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று போய்ப் பார்த்தேன். இரண்டும்தான். வெயிலில் காய்ந்த மெத்தையைத் தட்டிப் போட அவளே கிழக்கு அறைக்கு ஏறினாள்.

ஞாயிறு காலை கியென் வயலில் இறங்கினான். இன்ஜினைப் பிரித்துப் போடும் கை கதிரிடம் தோற்றது. அத்தானும் நானும் நாலு வரிசை முடிக்கும்போது அவன் ஒன்றை முடித்தான், அதுவும் கோணலாக. தெருவே வேடிக்கை பார்த்தது. ஃபாய் வேலியருகில் நின்று கத்தினாள்.

"மாப்பிள்ளே! அது கயிறு இல்ல, நெல்லு! முடிச்சுப் போடாதீங்க!"

"எங்க வீட்டு மாப்பிள்ளை எப்படி வேணா அறுப்பாரு" என்றாள் அக்கா. "உன் வீட்டு மாப்பிள்ளை எங்க? பார்க்கவே முடியறதில்லயே?"

கொஞ்ச நேரத்தில் ஃபாய் ஒரு தூக்கு நிறைய வறுத்த கஷ்கொட்டை கொண்டு வந்து வரப்பில் வைத்துவிட்டுப் போனாள்.

மாலை நாலு மணிக்கு அருவிக்குப் போனோம். தெப்பத்தில் கியெனுக்கும் லுவாவுக்கும் நடுவில் நான் உட்காரப் போக, லுவா என்னைத் தள்ளி முன்னால் அனுப்பினாள். சாரல் முகத்தில் அடித்தது. அந்தக் கரைத் தெப்பம் பக்கத்தில் வந்தது, கியென் கையாட்டினான், அங்கிருந்தும் யாரோ ஆட்டினார்கள். அவன் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம்.

"எப்படி இருக்கு மாப்பிள்ளே, எங்க அருவி?"

"நல்லா இருக்கு மாமா. ஆனா முதுகுதான் நிமிர மாட்டேங்குது."

திங்கள் காலை பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து அத்தான் போனில் பேசுவது கேட்டது.

"மூணாவது ரூம் காலி பண்ணல தம்பி. இன்னும் ஒரு ராத்திரி இருக்காங்க." அந்தப் பக்கம் ஏதோ கேள்வி. அத்தான் தொண்டையைச் செருமினார். "இல்ல, இருக்கச் சொல்லி நான் ஒண்ணும் கேக்கல. மேல் வயல் இன்னும் பாக்கி இருக்கு. அதான்."

மேல் வயலைப் போன வாரமே அறுத்தாகிவிட்டது. கட்டுகளை ஏற்றியவன் நான்தான். அக்கா ஜன்னல் வழியே என்னைப் பார்த்தாள். நான் துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு, வேன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.