பீரோவுக்குப் பின்னால் ஒரு டிக் டிக்

தெருவில் அவளுக்குப் போர்டம்மா என்று பெயர். ஏசியோ வாஷிங் மெஷினோ மக்கர் செய்தால், உள்ளே மூளை மாதிரி இருக்கும் பச்சை நிற போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து அவளிடம்தான் நீட்டுவார்கள். அவற்றில் பாதியைக் கெடுத்திருப்பது பல்லி. கதகதப்பைத் தேடிச் சின்ன இடுக்கு வழியாக உள்ளே போகும். இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே காலை வைக்கும். அதன் உடம்பு வழியாகவே மின்சாரம் பாய்ந்துவிடும். பல்லியும் போச்சு, போர்டும் போச்சு.

"நம்ம வீட்டு அடுப்பு எரியறதே அதுங்க புண்ணியத்துலதான்" என்பாள் கணவனிடம். பேக்கரி வேன் ஓட்டும் அவன், அப்படியானால் வாசலில் அதுங்க பெயரையும் எழுதிவிடலாமே என்பான்.

அதனால் வீட்டுப் பல்லிகளை அவள் துரத்துவதில்லை. மேசை விளக்கைச் சுற்றும் பூச்சிகளை அவை பார்த்துக்கொண்டன. ஒரே தொல்லை, சத்தம். போர்டில் ரிலே என்று தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு ஸ்விட்ச் உண்டு. அது தானாக மூடும்போதும் திறக்கும்போதும் டிக் என்று சத்தம் வரும். பல்லியும் டிக் டிக் என்றுதான் பேசும். தொழிலுக்குப் புதிதில் பல்லி சத்தத்தைக் கேட்டு நல்ல ரிலேக்களை எல்லாம் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். பிறகு காதுக்கு ஒரு சட்டம் போட்டுக் கொடுத்தாள். மேசையில் கேட்டால் ரிலே, சுவரில் கேட்டால் பல்லி. அதற்கு மேல் யோசிப்பதில்லை.

பாப்பா தவழ ஆரம்பித்ததும் சிக்கல் வந்தது. ஈயம் உருக்கும் சூட்டுக்கோலும் தவழும் பிள்ளையும் ஒரே வீட்டில் எப்படி இருக்கும்? கண் எப்போதும் பிள்ளை மேலேயே இருந்தால் கை எங்கே ஓடும்? மேசையை மடக்கித் தொழிலை நிறுத்திவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோதுதான் நாத்தனார் போன் செய்தாள். கணவனின் அக்கா, தனிக்கட்டை, பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள்.

"பாப்பாவை நான் பாத்துக்கறேன். ஆனா பல்லி கண்ணுல பட்டுச்சுன்னா அன்னைக்கே பஸ் ஏறிடுவேன். அப்புறம் யாரும் கெஞ்சக் கூடாது."

புருஷனும் பெண்டாட்டியுமாகக் களத்தில் இறங்கினார்கள். பல்லியைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று போர்டம்மா பாடம் எடுத்தாள். அதன் விரலில் பசை கிடையாது. கண்ணுக்கே தெரியாத லட்சக்கணக்கான முடிகள் சுவரோடு ஒட்டி உறவாடுகின்றன. விரலை அதுவாகச் சுருட்டினால்தான் பிடி விடும். ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையை மெல்ல நுழைத்தால், தானே அட்டை மேல் ஏறிக்கொள்ளும். இப்படி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் மதில் சுவர்க் கொடியில் விட்டார்கள். அவசரத்தில் பிடித்து இழுத்த அவனுக்கு அறுந்த வால் ஒன்றும் கிடைத்தது. வென்டிலேட்டருக்கு வலை அடித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டியாயிற்று.

நாத்தனார் வந்தாள். பாப்பா அவள் இடுப்பை விட்டு இறங்குவதே இல்லை. போர்டம்மா நிம்மதியாக மேசையில் உட்கார்ந்தாள். போட்டது போட்டபடி கிடந்த போர்டுகள் எல்லாம் உயிர் பெற்று வீடு திரும்பின.

ஒரு மத்தியானம், கணவன் சாப்பிட வந்திருந்த நேரம், படுக்கையறையிலிருந்து கூப்பிடும் குரல் கேட்டது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் மேல் நின்றிருந்தாள். அவள் கண் கதவோரம் வைத்திருந்த தன் பயணப் பையில் இருந்தது.

"பீரோவுக்குப் பின்னாடி. கேளு."

டிக். டிக் டிக்.

சுவர்ப் பக்கம். போர்டம்மாவின் வாய் முந்திக்கொண்டது. "பல்லிதான் அண்ணி."

"அப்ப நான் கிளம்பறேன்."

இந்தப் பை வாசலைத் தாண்டினால் மேசையும் மடங்கிவிடும். பீரோவை நகர்த்திப் பிடித்துவிடுகிறேன், அதுவரைக்கும் இருங்கள் என்று கெஞ்சினாள். கணவன் ஒரு பக்கம் தள்ள, அவள் டப்பாவும் அட்டையுமாகத் தயாராக நின்றாள். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அந்த பீரோவை யாரும் அசைத்ததில்லை.

பின்னால் பல்லி இல்லை. ஏசியின் பிளக் சொருகிய பாயின்ட் இருந்தது. அதன் வெள்ளை பிளாஸ்டிக் கருகி ஓரம் உருகியிருந்தது. டிக் என்றபோதெல்லாம் உள்ளே நீலமாக ஒரு பொறி. இடுக்கில் எப்போதோ விழுந்த பாப்பாவின் துணி ஒன்று அதன் மேலேயே கிடந்தது. துணியின் ஒரு முனை தீய்ந்திருந்தது.

போர்டம்மா ஓடிப்போய் மெயினை அணைத்தாள். திரும்பி வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். பிளக்கைக் கவ்விப் பிடிக்க வேண்டிய பித்தளை, நாள்பட்டுத் தளர்ந்துவிட்டது. நடுவில் மயிரிழை இடைவெளி. மின்சாரம் அதைத் தாண்டிக் குதிக்கும்போது சத்தம், சூடு. சூட்டில் பித்தளை இன்னும் தளரும். ஊரார் போர்டை எல்லாம் பார்த்தவள் சொந்த வீட்டுப் பிளக்கைப் பார்க்கவில்லை. சுவரில் கேட்டால் பல்லி என்ற அந்தச் சட்டம் அவள் காதை அடைத்துவிட்டது. இந்தச் சத்தம் எத்தனை நாளாகக் கேட்கிறதோ, யார் கண்டது?

"நீங்க மட்டும் பயப்படலேன்னா, அண்ணி..." என்று கட்டில் மேல் நின்றவளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் பாப்பாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு கேட்டாள், "பல்லி எங்க?"

"இல்ல அண்ணி. நீங்க இல்லேன்னா பல்லிதான்னு நெனச்சு நான் எட்டிக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

"இல்லாத ஒண்ணுக்கா நான் கட்டில் ஏறினேன்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினாள். தம்பியிடம் பையைத் தூக்கிப் பரண் மேல் போடச் சொன்னாள்.

புது பாயின்ட் மாட்டியாயிற்று. மழை பிடித்த ஒரு சாயங்காலம் வென்டிலேட்டர் டேப் ஒரு மூலையில் பிய்ந்து, விரல் நீளப் பல்லி ஒன்று டியூப்லைட் பக்கம் வந்து உட்கார்ந்தது. போர்டம்மாவுக்குப் பகீரென்றது. நாத்தனார் எதிர்ப்பக்கக் கதவோரம் ஒண்டிக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தாலும் கண் பரண் பக்கம் போகவில்லை. பாப்பா பல்லியைக் காட்டிக் காட்டிச் சிரித்தது.

"லைட்டு பக்கம் அதோடது. பாத்ரூம் என்னோடது. அதுகிட்ட சொல்லி வை" என்றாள் நாத்தனார்.

சொல்லிவிடுகிறேன் என்று போர்டம்மா தலையாட்டினாள். சுவரில் டிக் என்று கேட்டது. அவள் எழுந்து போய் ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சில்லென்று இருந்தன. அதற்குப் பிறகுதான் அண்ணாந்து பார்த்துப் பல்லியைக் கும்பிட்டாள்.