நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் அணில்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தையற்காரம்மா வீட்டு அலமாரிக் கதவில் அச்சடித்திருந்த பொந்துக்குள் ஓர் அணில் ஏறிப் போனது. அலமாரி, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே ஒட்டியிருந்தது நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் மைக்கா. தேக்கு ரேகை, நடுவில் முட்டையளவு பொந்து, எல்லாம் காகிதத்தில் அச்சானவை, கனம் ஒரு மில்லிமீட்டர். அணில் வாலையும் உள்ளே இழுத்துக்கொண்டது. தையற்காரம்மா கதவைத் திறந்து பார்த்தார். துணிகள்தான் இருந்தன. பதினோரு மணிக்கு அது நான்கு தெரு தள்ளி, பேங்க் குமாஸ்தாவின் மேஜையிலிருந்து வெளியே வந்தது. அதுவும் நானூற்றுப் பன்னிரண்டுதான்.

அந்த ஊரில் முழு மரத்தில் சாமான் செய்துகொண்டவர் அப்போது யாருமில்லை. செய்துகொண்டதாகச் சொல்லாதவரும் யாருமில்லை. அணில் எந்த வீட்டில் எட்டிப் பார்த்ததோ, அந்த வீட்டுத் தேக்குப் பெருமை அன்றோடு காலி. நூலகத்துப் பழைய பெஞ்சில் மட்டும் நுழையப் பார்த்து மூக்கை உடைத்துக்கொண்டது.

அதிகம் கலங்கியவர் பஸ் கம்பெனி மேனேஜர். அவர் மகளும் ஒரு பையனும் மூன்று வருஷம் போராடி இரு வீட்டையும் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்திருந்தார்கள். பையனின் அப்பா, பொய் பேசுகிற வீட்டில் சம்பந்தம் கூடாதென்று முன்பே இரண்டு இடத்தைத் தட்டிக்கழித்தவர். அவரிடம் போய் மேனேஜர், கூடத்துச் சாமானெல்லாம் தாத்தா காலத்துத் தேக்கு என்று அளந்துவிட்டிருந்தார். "எங்க வீட்டுலயும் அப்படித்தான்" என்றிருந்தார் அவரும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். மேனேஜர் டிவி அலமாரியின் பொந்துமேல் காலண்டரை மாட்டிவைத்தார்.

"ஏங்க, அது கிழிச்சிட்டு வந்தா?" என்றாள் மனைவி.

"நீ வேற, வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு."

சம்பந்தி வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. எதற்கும் தலையை மட்டும் ஆட்டினார். கோபம்தான் என்று மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. டீ வந்த நேரம் பார்த்து, ஜூலை மாதத்தைக் கிழித்துக்கொண்டு அணில் தலையை நீட்டியது. அதன் வாயில் ஒரு பல்செட். அதைச் சம்பந்தியின் மடியில் போட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டது.

"ஐயோ, காலையிலேர்ந்து இதைத்தானே தேடுறோம்! நம்ம தேக்கு பீரோவுலதானே வச்சீங்க?" என்றாள் சம்பந்தியம்மா.

சம்பந்தி பல்லைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு அன்றைக்கு முதல் வார்த்தை பேசினார். "நானூத்திப் பன்னெண்டு."

"இதுவும் அதேதான் சம்பந்தி," என்றார் மேனேஜர்.

"பல்லு உங்களுதுதான்னு சொன்னீங்களேப்பா!" என்று பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அதோடு எல்லோரும் சிரித்தார்கள். நாள் குறித்தாயிற்று.

தனிக்குடித்தனத்து அலமாரிக்கு மைக்கா வாங்கப் போனபோது, பொந்தில்லாத நம்பர்தான் இருக்கிறது என்றார் கடைக்காரர். "அப்போ அணில் எப்படி வரும்?" என்று கேட்டாள் பெண். இரண்டு வாரம் காத்திருந்து நானூற்றுப் பன்னிரண்டையே வாங்கினார்கள். தச்சர் மைக்காவை ஒட்டி முடிப்பதற்குள் அணில் வந்துவிட்டது, கூடவே இரண்டு குட்டிகள். அவர் மூன்றையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கைப்பிடிக்குத் துளை போட்டார்.