அரைத்தூக்கம் எழுதிய மதிப்புரைகள்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை ஆறு மணிக்கெல்லாம் வெறும் வயிற்றுக் கூட்டம் வரிசை கட்டிவிடும். பத்தரைக்கு மேல் ஈ ஓட்டலாம். அப்படி ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் வரவேற்பு மேஜைப் பெண் தன் போனை நீட்டினாள்.

“அக்கா, இந்த ஆள் எழுதியிருக்கிறதைப் பாருங்களேன். சிரிச்சு சிரிச்சு வயித்து வலியே வந்துடுச்சு.”

அவள் மாயாஜால நாவல் பைத்தியம். டிராகன், விண்கலம், பேசும் காடு என்று எது புதிதாக வந்தாலும் விடமாட்டாள். வாங்குவதற்கு முன் ஓர் இணையதளத்தில் வாசகர்கள் எழுதும் கருத்துகளை ஒன்றுவிடாமல் அலசுவாள். அங்கே ரத்தம் எடுக்கும் அக்காவோ கதைப் புத்தகம் என்றால் காத தூரம் ஓடுகிறவள். நரம்பு தட்டுப்படாத கைகளில் நரம்பைத் தேடியே பதினேழு வருடம் ஓடிவிட்டது. இருந்தாலும் பெண் ஆசையாக நீட்டுகிறாளே என்று வாங்கிப் பார்த்தாள்.

‘மூன்றாம் பாகம். எழுநூற்றுப் பத்துப் பக்கம். ஏழு பேர் மலை மலையாகத் தாண்டி நடக்கிறார்கள். ஒருவர் செருப்பும் தேயவில்லை, ஒருவர் வயிறும் கலங்கவில்லை. டிராகனை நம்பிவிட்டேன். இந்தச் செருப்பைத்தான் நம்ப முடியவில்லை.’

அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. எழுதியது யார் என்று மேலே பார்த்தாள். ‘அரைத்தூக்கம்’ என்று போட்டிருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான். தம்பி எட்டு வயதில் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிவைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு படிப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் ஏறாது. ‘ஏய் அரைத்தூக்கம், சோறு ஆறுது’ என்று தலையில் ஒரு தட்டு தட்டித்தான் எழுப்ப வேண்டும். வேறு யாருக்கும் இப்படி ஒரு பெயர் தோன்றியிருக்காது.

அவனோடு பேச்சு நின்று நாலு வருடம் ஆகியிருந்தது. அப்பா ஒரு மதியம் திடீரென்று போய்விட்டார். அக்கா தம்பியை விடாமல் கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. வேலையில் இருந்தான் என்பது பின்னால் தெரிந்தது. எல்லாம் முடிந்து மூன்றாம் நாள், சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான். “இப்ப எதுக்குடா வந்த? யாரைப் பார்க்க வந்த?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். ரொம்ப நேரம் கதவைத் தட்டினான். அப்புறம் பெட்டியின் சக்கரச் சத்தம் படிப்படியாக இறங்கித் தெருவோடு போனது. கோபம் தணிந்து கூப்பிட்டபோது அவன் எண் மாறியிருந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அவன் எழுதிய அறுபத்து மூன்று கருத்துகளையும் படித்து முடித்தாள். நாவல்களைப் பற்றி அவளுக்கு என்ன கவலை? வரிக்கு வரி தம்பியைத்தான் தேடினாள். ‘பனி கொட்டும் ஊரில் உட்கார்ந்து பாலைவனக் கோளைப் பற்றிப் படிப்பதே தனிச் சுகம்’ என்று ஒன்றில் இருந்தது. சரி, குளிர் ஊரில் இருக்கிறான். ‘மாதக்கணக்காகத் தூக்கம் இல்லை, அதனால் சின்னச் சின்ன அத்தியாயம் உள்ள புத்தகமாகப் பார்த்து எடுத்தேன்’ என்று இன்னொன்றில் இருந்தது. உடம்புக்கு ஏதோ என்று பயந்தாள். முந்நூறு வருடம் பறக்கும் விண்கலக் கதைக்கு இப்படி எழுதியிருந்தான்: ‘ஒரே கப்பலில் பன்னிரண்டு தலைமுறை. ஓர் அக்காவும் தம்பியும் பேசாமல் இருந்ததாக ஒரு வரி கிடையாது. எழுதியவர் வீட்டுக்கு ஒரே பிள்ளையாக இருக்கவேண்டும்.’

அதை மட்டும் நாலு தடவை படித்தாள்.

அடுத்த வாரம் அவன் ஒரு புது நாவலுக்கு இரண்டே நட்சத்திரம் கொடுத்திருந்தான். நட்சத்திரங்களுக்கு நடுவே வழி தவறிய ஒருவன், முப்பது வருடம் தாமதமாகத் தன் நகரத்துக்குத் திரும்புகிறான். வாசல் காப்பவள் கதவைத் திறக்க மறுத்துவிடுகிறாள். ‘நல்ல கதையை அந்தக் கல்நெஞ்சக்காரி கெடுத்துவிட்டாள். ஏன் திறக்கவில்லை என்பதற்கு ஒரு காரணமும் இல்லை’ என்று எழுதியிருந்தான்.

அக்கா நேரே வரவேற்பு மேஜைக்குப் போனாள். “அந்தப் புத்தகம் உன்கிட்ட இருக்கா?”

“இருக்கு அக்கா. யாருக்கு?”

“எனக்குத்தான்.”

பெண் வாயைப் பிளந்தாள். “உங்களுக்கு ஏதாவது காய்ச்சலா அக்கா? டியூப் எடுத்துட்டு வரவா?”

மூன்று வாரம் எடுத்தது. பேருந்தில், சாப்பாட்டு நேரத்தில், ரிப்போர்ட் அச்சாகும் இடைவெளியில் என்று படித்தாள். முதல் ஐம்பது பக்கம் யார் மனிதர், யார் எந்திரம் என்றே பிடிபடவில்லை. வரவேற்பு மேஜைப் பெண்தான் படம் போட்டு விளக்கினாள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவள் தேடியது அகப்பட்டது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், ‘ஒரு வாசகி’ என்ற பெயரில், அடித்து அடித்துத் திருத்தி, அவன் கருத்துக்குக் கீழே எழுதினாள்.

‘நீங்க அவசரமா படிச்சிருக்கீங்க. பக்கம் 212 பாருங்க. அவன் திரும்பிப் போறவரைக்கும் கதவுக்கு உள்பக்கம் விளக்கு எரிஞ்சுதுன்னு ஒரு வரி இருக்கு. அவ உள்ளே போகலை. கதவுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தா.’

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. ‘அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். நீங்கள் சொன்னது சரி. ஒரு நட்சத்திரம் கூட்டிவிட்டேன். ஆனாலும் அவள் திறந்திருக்கலாம்.’

‘திறந்திருக்கலாம்தான்’ என்று அக்கா எழுதினாள்.

அன்று ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெரியவர், குத்தியதே தெரியாமல், “என்னம்மா, ஊசி போட்டியா இல்லையா?” என்று கேட்டாராம்.

அதற்கப்புறம் அவளுக்குப் புத்தகமே கதியாகிவிட்டது. அவன் எதைப் படித்தானோ அதையே வாங்கிப் படித்தாள். அவன் ஆகா ஓகோ என்று எழுதியதை மட்டம் தட்டினாள். அவன் கிழித்துத் தோரணம் கட்டியதைத் தாங்கிப் பிடித்தாள். வேண்டுமென்றேதான். ஒத்துப்போனால் ஒரு வரியோடு முடிந்துவிடும், சண்டை பிடித்தால் பத்து வரி வருமே! ‘நீங்கள்’, ‘உங்கள்’ என்று தம்பி மரியாதையாக எழுதுவதைப் படிக்கும்போது மட்டும் ‘டேய்’ என்று எழுதிவிட வேண்டும்போல இருக்கும். யார் என்று சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பாள். சொன்னதும் அவன் மறைந்துவிட்டால் என்ன செய்வது? இந்த நாலு வரியும் போய்விடுமே என்று விட்டுவிடுவாள்.

கடைசியில் அவளைக் காட்டிக்கொடுத்தது ஒரு மந்திரக் கதைதான். அதில் சூனியக்காரி மந்திரம் சொல்லும் போதெல்லாம் தன் கையைக் கிழித்து ரத்தத்தைக் கிண்ணத்தில் பிடிப்பாள். தம்பி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தான். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

‘ஒரு கிண்ணம்னா அரை லிட்டர். ஒரே நாள்ல ஆறு தடவை பிடிக்கிறா. மூணாவது கிண்ணத்துலயே மயங்கி விழுந்திருப்பா. அதுவும் எல்லாத் தடவையும் அதே கையில! இன்னொரு கை எதுக்கு இருக்கு? எழுதினவங்க ஒரு தடவையாவது ரத்தம் கொடுத்திருக்காங்களா?’

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அந்தத் தளத்தில் அவளுக்கு மட்டும் ஒரு செய்தி வந்திருந்தது.

‘அக்காவா?’

கையுறையைக் கழற்றினாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். காத்திருந்த இரண்டு பேருக்கு ரத்தம் எடுத்து, லேபிள் ஒட்டி, அடுக்கில் வைத்துவிட்டு வந்து, ‘ஆமாடா’ என்று அனுப்பினாள். பதிலாக ஒரு தொலைபேசி எண் வந்தது. வேறு ஒன்றும் இல்லை.

மதியம் ஒரு மணிக்கு, மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். குளிர்பெட்டிதான் உறுமிக்கொண்டிருந்தது.

“ரத்தத்துக்கு இவ்வளவு கோபப்பட உலகத்துல உன்னை விட்டா யாரு இருக்கா?” என்றான் தம்பி. “போன வாரமே சந்தேகம்தான். ஆனா நீ எங்க, கதைப் புத்தகம் எங்க?”

“சாப்பிட்டியா?” என்றாள் அக்கா. நாலு வருடம் சேர்த்து வைத்ததில் அதுதான் முதலில் வாயில் வந்தது.

“சாப்பிட்டேன். நீ?”

“இனிமேதான். அன்னைக்கு நான் கதவைத் திறந்திருக்கணும்டா.”

“நான் போனை எடுத்திருக்கணும்.”

அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். “தூக்கமே இல்லைன்னு எழுதியிருந்தியே, டாக்டரைப் பார்த்தியா இல்லையா? சர்க்கரை கிர்க்கரை பார்த்தியா?”

தம்பி சிரித்தான். “சர்க்கரை இல்லக்கா. அதோ, கீழ உட்கார்ந்து புத்தகத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கு. ஒண்ணே முக்கால் வயசாகுது.”

அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் குளிர்பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். அறுபத்து மூன்று கருத்துகளையும் வரிக்கு வரி அலசினாளே, அவன் உடம்பு, மனசு, ஊர் எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்தாளே! ஒன்றே முக்கால் வருடமாக அவள் ஓர் அத்தை. அது எந்த வரியிலும் இல்லை.

“பொண்ணா?”

“பொண்ணு. இரு, அவகிட்ட தர்றேன். ஏய், இங்க பாரு, அத்தை. அத்தை சொல்லு.”

சொல்லவில்லை. போனை வாயருகே வைத்துக்கொண்டு மூச்சுவிடும் சத்தம் மட்டும் வந்தது. குட்டி மூச்சு, கொஞ்சம் சளியோடு. அக்கா என்னென்னவோ சொல்ல நினைத்து, ஒன்றும் சொல்லாமல், அதையே கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஏதோ இரண்டு பட்டன் அமுங்கி, இணைப்பு அறுந்துபோனது. கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது: ‘உன் மருமகள் கட் பண்ணிட்டா. ஷிப்ட்டுக்குக் கிளம்பறேன். முடிஞ்சதும் கூப்பிடறேன்.’

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவளை வரவேற்பு மேஜைப் பெண் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தாள் அக்கா. பெண் கைதட்டிக் குதித்தாள்.

“அய்யோ, மருமகளா! பேரு என்னக்கா?”

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். கேட்கவே இல்லை. ஓடிப்போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். போன் அணைந்திருந்தது. அவன் ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்பதும் தெரியாது.

மதியச் சாம்பிள்கள் வர ஆரம்பித்தன. அக்கா ஒவ்வொரு குழாயிலும் பெயரை எழுதி ஒட்டினாள். பெண்பிள்ளைப் பெயர் வந்தால் ஒரு கணம் நிறுத்தி, இதுவாக இருக்குமோ என்று உதடு அசையாமல் சொல்லிப் பார்த்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.