குமிழி பார்ப்பவள்

கடலுக்குள்ளிருந்து ஆளுயரத்துக்கு ஒரு ஆரஞ்சு நிறக் குழாய் எழுந்து நிற்கிறது, பவளத்திட்டின் மேல் அலை உடைந்து வெள்ளையாகப் பொங்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம், யாரும் பார்க்காத தெற்கில், காற்றில் ஒருமுறை சாய்ந்து மறுபடி நிமிர்கிறது, முங்கியவர்கள் மேலே வந்ததும் நான் இங்கே இருக்கிறேன், வந்து ஏற்றிக்கொள் என்று படகுக்குச் சொல்ல ஊதிப் பிடிக்கிற குழாய் அது என்று பூங்கோதைக்குத் தெரியும், அதைப் பிடித்திருப்பது தன் புருஷன் சென்னியப்பன்தான் என்பதும் தெரியும், கையிலிருந்த தேநீரை அவள் கீழே வைக்கவில்லை, எழுந்து நிற்கவில்லை, கப்பலின் மேல்தளத்தில் அவளையும் அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியையும் தவிர வேறு எதுவும் இல்லை, சின்னப் படகு மற்றவர்களை ஏற்றிவர வடக்கே போயிருக்கிறது, குழாய் இன்னொரு முறை சாய்கிறது, வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது, கூச்சம் தெளிந்தபோது அங்கே வெறும் கடல்தான் இருந்தது, அவள் தேநீரை ஒரு வாய் குடித்தாள், சர்க்கரை அதிகம் என்று நினைத்தாள்.

மாலத்தீவின் தெற்குக் கோடி, கரை என்று ஒன்று கண்ணில் படாத இடம், மூன்று அடுக்கு வெள்ளைக் கப்பலிலேயே தூங்கி, அதிலேயே தின்று, பொழுது விடிந்ததும் முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு குதித்து, ஏறி, தின்று, மறுபடி குதித்து, ஒரு திட்டிலிருந்து அடுத்த திட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிற விடுமுறை, சென்னியப்பனுக்கு இதுதான் இப்போது உயிர், திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிகள் வைத்து ஒரிசா முதல் ராஜஸ்தான் வரை பூமியைத் துளைத்துத் துளைத்துச் சம்பாதித்தவர், லாரிகளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஐம்பதைத் தாண்டிய வயதில் அந்தமானில் முங்கக் கற்றுக்கொண்டார், இத்தனை நாளா தண்ணியத் தேடிக் கீழ போனன், இப்பத் தண்ணிக்குள்ளயே கீழ போறன் என்று கப்பலுக்குக் கப்பல் அதே வாக்கியத்தைச் சொல்லுவார், எல்லோரும் சிரிப்பார்கள், நீச்சல் தெரியாத மனைவியை வருஷா வருஷம் எதற்குக் கூட்டிவருகிறீர்கள் என்று யாராவது கேட்டால், ரப்பர் உடுப்பை அலசிக் காயப்போடோணும், நான் மேல வாரப்போ போட்டோப் புடிக்கோணும், அதுக்குச் சம்பளமில்லாத ஆள் வேற ஆரு கெடைப்பா என்பார், அதற்கும் சிரிப்பார்கள், பத்தொன்பது வயதில் அவரைக் கட்டிக்கொண்டு வந்தபோது லாரியோடு போகிறவர் எந்த மாதம் திரும்புவார் என்று தெரியாமல் மேட்டுக்காட்டு வீட்டு வாசலில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள் பூங்கோதை, ஊர் லாரிகள் எல்லாம் ஒரே மாதிரி பச்சையாக இருந்தாலும் அவருடைய லாரியை வளைவில் திரும்பும் முன்பே தூசியை வைத்துச் சொல்லிவிடுவாள், அந்தக் கண்தான் இங்கேயும், எட்டுப் பேர் கீழே இருந்தால் எட்டுப் பேரின் மூச்சும் குமிழிகளாக மேலே வந்து வெடிக்கும், அவருடையது எது என்று அவள் மேல்தளத்திலிருந்தே சொல்லுவாள், பொறுமையில்லாத மூச்சு, கொத்தாக வரும், நடுவில் இடைவெளியே இருக்காது, அவரோடு பேசுவதைப் போலவே இருக்கும் அது.

ஆனால் கப்பலில் அவளை எல்லோருக்கும் தெரிவது அந்த வீடியோவால்தான், முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டில் சென்னியப்பன் செல்போனை எடுத்து மேசையில் நிறுத்திவைப்பார், இதோ இப்போதும் ஓடுகிறது, அந்தமானில் ஒரு மரப்பாலத்தின் ஓரத்தில் நைட்டி போட்ட ஒரு பொம்பளை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பின்னாலிருந்து ஒரு கை வருகிறது, அவள் விழுகிறாள், நைட்டி குடையைப் போல விரிந்து இடுப்புக்கு மேலே மிதக்கிறது, அவள் அம்மா என்கிறாள், தண்ணீர் வாயை மூடுகிறது, மறுபடி அம்மா என்கிறாள், படம் பிடிப்பவர் சிரிக்கிற சிரிப்பில் படம் ஆடுகிறது, நீச்சல் பழக்குனன், பூசணிக்காயாட்ட மெதக்கறா பாருங்க என்று அவர் குரல், அன்றைக்குத் தண்ணீர் ஏறி அவளுடைய இடது காது போனது வீடியோவில் இல்லை, அவர் இடது பக்கமிருந்து கூப்பிட்டால் கேட்காது, செவிடி என்பார், இந்தத் தடவை மேசையில் சென்னையிலிருந்து வந்த புதுக் கல்யாண ஜோடி இருந்தது, அஷ்வத் என்ற பையனும் ஆதிரை என்ற பெண்ணும், ஆதிரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஐயோ ஆன்ட்டி, ரொம்ப க்யூட் என்றாள், பூங்கோதையும் சிரித்தாள், சிரிக்காவிட்டால் அவர் மறுபடி போடுவார், சிரித்தாலும் மறுபடி போட்டார்.

குழாய் எழுந்த நாள் மத்தியானம் அஷ்வத்துக்குக் காது அடைத்துக்கொண்டது, அவன் அறையில் படுத்துக்கொள்ள, ஆதிரைக்குத் துணையாகச் சென்னியப்பன் சேர்ந்துகொண்டார், இரண்டு திட்டுகளுக்கு நடுவிலிருக்கும் வாய்க்காலில் குதித்தார்கள், ஆனைத்திருக்கை மீன் ஒன்று போயிருக்கிறது, கூரைத் தகரம் பறப்பதைப்போலப் பெரிதாக, அதன் பின்னாலேயே இவர் ஆதிரையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருக்கிறார், அதற்குள் நீரோட்டம் திரும்பிவிட்டது, மற்ற ஆறு பேரும் வடக்கே மேலே வந்தார்கள், இந்த இரண்டு பேரை வாய்க்கால் தெற்கே வெளிக்கடலுக்குத் துப்பிவிட்டது, இதெல்லாம் பிறகு தெரிந்தது, அப்போது தெரிந்தது சின்னப் படகு திரும்பி வந்தபோது அதில் இரண்டு பேர் இல்லை என்பதுதான், முங்குபவர்களுக்கு வழிகாட்டியான நிமலன், திருகோணமலைக்காரன், படிகளில் நீர் சொட்ட ஓடி மேலே வந்தான், அம்மா, நீங்கள் எப்பவும் பாத்துக்கொண்டு இருக்கிறனீங்கள், ஐயான்ர குழாய் எங்கயும் எழும்பினதைக் கண்டனீங்களே என்று கேட்டான், அவன் வலது பக்கம் நின்றுதான் கேட்டான், ஒவ்வொரு சொல்லும் கேட்டது, தெற்கே என்று சொல்ல வாயில் ஒரு சொல்தான் வேண்டும், விரலை நீட்டினால் அதுகூட வேண்டாம், அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், இல்லீங்க தம்பி, நான் ஒண்ணும் பாக்கலீங்க என்றாள், அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது, அவ்வளவு சாந்தமாக இருந்தது.

படகு வடக்கே போனது, கிழக்கே போனது, கப்பலின் மாலுமிகள் கூரையில் ஏறி நின்று எல்லாத் திசையும் பார்த்தார்கள், தெற்கிலும் பார்த்தார்கள், அலை உயர்ந்துகொண்டே இருந்தது, தண்ணீரில் ஒரு மனிதத் தலை என்பது தேங்காய் அளவுகூடத் தெரியாது, அஷ்வத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து விஷயம் தெரிந்ததும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆதிரை ஆதிரை என்று கத்தினான், பிறகு கத்த முடியாமல் பூங்கோதையின் காலடியில் உட்கார்ந்தான், ஆன்ட்டி, நீங்க இங்கயேதான் இருந்தீங்க, ஏதாவது பாத்திருப்பீங்க, நல்லா யோசிங்க ஆன்ட்டி, ப்ளீஸ், அவள் யோசித்தாள், யோசிக்கிற மாதிரி இருந்தாள், அவன் அவள் மடியில் தலையை வைத்து அழுதான், அவள் அவன் முடியைக் கோதிவிட்டாள், அந்தப் பெண் உனக்கு என்ன செய்தது என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, சிரித்தது என்று அவளே பதில் சொன்னாள், அந்தப் பதில் போதாது என்றும் தெரிந்தது, இப்போது சொன்னால் இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்ற பயம் வந்தது, ஆனால் அது பயம் மட்டும் இல்லை, ஒரு ருசியும் இருந்தது, போர்வெல் ஓட்டும்போது ஆயிரம் அடி போயும் புழுதிதான் வருது, தண்ணி வருமா வராதான்னு மேல நிக்கிறவனுக்குத்தான் புள்ள தெரியும், கீழ இருக்கிற தண்ணிக்குத் தெரியாது என்று அவர் ஒரு காலத்தில் சொன்னது ஞாபகம் வந்தது, மேலே நிற்பது இதுதானா என்று நினைத்தாள், சமையல்காரன் கொண்டுவந்து வைத்த பிஸ்கட்டை எடுத்து அஷ்வத்திடம் நீட்டினாள், அவன் வேண்டாம் என்றான், அவள் தின்றாள், தண்ணீரில் கிடக்கிற அவரை நினைத்துப் பார்த்தாள், நைட்டி மிதந்தது, முகம் மட்டும் அவருடையதாக இருந்தது, அம்மா என்றது.

பொழுது சாயும் நேரத்தில் சூரை பிடிக்கப் போன மீனவர் படகு ஒன்று தெற்கிலிருந்து வந்தது, அதில் இரண்டு பேரும் இருந்தார்கள், பறவைகள் கூட்டமாகச் சுற்றிய இடத்தில் மீன் இருக்கும் என்று போனவர்களுக்கு மீனோடு இவர்கள் கிடைத்திருக்கிறார்கள், சென்னியப்பனை நான்கு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள், முகம் வெயிலில் வெந்து உரிந்திருந்தது, உதடு வெடித்திருந்தது, ஆதிரை அஷ்வத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றவள், அவனை விட்டுவிட்டு நேரே பூங்கோதையிடம் வந்தாள், அவள் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், ஆன்ட்டி, அங்கிள் இல்லன்னா நான் செத்திருப்பேன், என்னைத் தன்னோட பெல்ட்ல கட்டிக்கிட்டாரு, கால்ல பிடிப்பு வந்தப்ப தேச்சு விட்டாரு, அழுதா திட்டாம கதை சொன்னாரு, அப்புறம் சொல்லிக்கிட்டே இருந்தாரு ஆன்ட்டி, பயப்படாத கண்ணு, மேல என்ற சம்சாரம் உக்காந்திருக்கறா, அவ கண்ணு கழுகுக் கண்ணு, குழாய ஊதுன நிமிசமே பாத்திருப்பா, அவ பாக்காம ஒண்ணும் தப்பாது, இதா வந்துருவாங்கன்னு, கடைசி வரைக்கும் அதையேதான் சொன்னாரு, பூங்கோதை கையை விடுவித்துக்கொள்ளவில்லை, முப்பத்துச் சொச்சம் வருஷத்தில் அந்தக் கண்ணைப்பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை அவர், யாரோ ஒரு பெண்ணிடம், நடுக்கடலில், அலைக்கு நடுவே சொல்லியிருக்கிறார், கண்ணு என்று கூப்பிட்டிருக்கிறார், காலைத் தேய்த்துவிட்டிருக்கிறார், அவளுக்கு வந்திருக்க வேண்டியது குற்ற உணர்ச்சி, வந்ததோ பொறாமை.

அறையில் அவர் மல்லாந்து கிடந்தார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு அவர் உதட்டில் தடவினாள், கப்பல் மெல்ல ஆடியது, ஏம்புள்ள என்றார், குரல் காற்றாக வந்தது, பாத்தயா என்றார், அவள் எண்ணெயை நெற்றியிலும் தடவினாள், பாத்தனுங்க என்றாள், அவர் கண்ணைத் திறந்தார், எப்ப என்றார், நீங்க ஊதி நிமித்துனப்பவே, அலை ஒடையற கோட்டுக்கு அந்தப்பக்கம், ரண்டு தடவ சாஞ்சுது என்றாள், வீட்டில் பால் பொங்கியது, கரண்ட் வந்தது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள், அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஏன் என்று கேட்பார் என்று காத்திருந்தாள், கேட்டால் சொல்வதற்கு அவளிடம் நிறைய இருந்தது, அவர் கேட்கவில்லை, அவள் அவர் உதட்டைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய் தடவினாள், மறுநாள் சாப்பாட்டு மேசையில் கப்பல் தலைவன் வந்து, அம்மா பார்த்திருந்தால் சீக்கிரம் கிடைத்திருப்பீர்கள் என்று ஆங்கிலத்தில் வருத்தப்பட்டபோது, சென்னியப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டே, அவளுக்குக் கண்ணு செரியாத் தெரியாதுங்க என்றார், நிமலன் அதை மொழிபெயர்த்தான், யாரும் சிரிக்கவில்லை, அவர் சிரிப்புக்காகச் சொல்லவும் இல்லை, தன் பெண்டாட்டி தன்னைக் கடலில் விட்டுவிட்டாள் என்று ஒரு கப்பல் முழுக்கத் தெரிவதைவிட அவள் குருடியாக இருப்பது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது.

கடைசி நாள் கப்பலுக்கு நேர் கீழேயே ஒரு திட்டு, அலையில்லை, குழந்தைகூட இறங்கலாம், சென்னியப்பன் உடுப்பை மாட்டிக்கொண்டார், ஐயா, உடம்பு தேறட்டும், இன்னொருக்காப் பாப்பமே என்று நிமலன் சொல்லிப் பார்த்தான், ஒண்ணுமில்லப்பா, இதுக்கெல்லாம் பயந்தா நான் இத்தன ஆழம் போயிருப்பனா என்றார், குரல் பழைய குரலாகத்தான் இருந்தது, முங்குகிறவர்கள் எல்லோரும் குதித்தாயிற்று, அவர் பின்பக்கப் பலகையின் விளிம்பில் காலில் மாட்டிய துடுப்போடு நின்றார், நிமலன் தண்ணீரில் மிதந்தபடி, குதியுங்கோ ஐயா என்றான், அவர் தண்ணீரைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து மேல்தளத்தைப் பார்த்தார், கீழ்த்தளத்தில் அஷ்வத்தின் தோளில் சாய்ந்திருந்த ஆதிரை, போங்க அங்கிள், அதான் மேல ஆன்ட்டி இருக்காங்களே என்று தைரியம் சொன்னாள், பூங்கோதை எழுந்து கம்பியைப் பிடித்துக் குனிந்தாள், இத்தனை வருஷத்தில் அவரிடம் அவ்வளவு அன்பாக அவள் பேசியதில்லை, போங்க, நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கறன் என்றாள். அவர் நின்றார், முதுகில் உருளையின் பாரம் இழுக்க, எல்லோரும் பார்க்க ஒரு அடி பின்னால் வைத்தார், காது அடைக்குதப்பா, நீங்க போங்க என்று நிமலனிடம் சொல்லிவிட்டு வார்களை அவிழ்க்கத் தொடங்கினார், முடியாமல் அஷ்வத் வந்து அவிழ்த்துவிட வேண்டியிருந்தது, பிறகு படியேறி வந்தார், நனையாத ரப்பர் உடுப்போடு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், கீழே அவர்கள் மூச்சுகள் அங்கங்கே வெடித்துக்கொண்டிருந்தன, நிமலனுடையது சின்னச் சின்னதாக, கூட வந்த மதுரைக்காரர் ஒருவருடையது விட்டு விட்டு, ஒவ்வொன்றும் அவளுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது, அவருக்கு எல்லாம் வெறும் அலையும் வெயிலுமாக இருந்தது, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு தேடினார், எங்க புள்ள இருக்கறாங்க, எங்க, ஒருத்தரையும் காணமே என்றார், அவள் கடலைப் பார்த்தபடியே, எனக்கும் தெரியலீங்க என்றாள்.