ஆரஞ்சு நிறச் சாட்சி

காசநோய்க் கிளினிக்கின் லேபில் பதினெட்டு வருஷமாகச் சளி டப்பாக்களோடு மாரடிக்கிறவள் அவள். ஆள் பற்றாக்குறையால் மாத்திரை கொடுப்பதும் அவள் தலையில்தான். நோயாளிகள் தினமும் வந்து அவள் கண்ணெதிரே விழுங்க வேண்டும். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஆளை விடுவாள்.

தம்பி துரைக்கும் காசநோய் வந்தபோது அவனுக்கு மட்டும் சலுகை. ஒரு வார மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தனுப்பினாள். சிவப்பு மாத்திரை உள்ளே போனால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், அது போதாதா என்ன? திங்கட்கிழமைதோறும் பாட்டிலை நீட்டுவான்.

“இந்தாக்கா, ஆரஞ்சு ஜூஸ்!” என்பான், கடங்காரன். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

வயிற்றைப் புரட்டுகிறது என்று துரை மற்ற ஆறு நாளும் மாத்திரையைக் கழிவறையில் கொட்டியிருக்கிறான். திங்கட்கிழமை காலையில் மட்டும் விழுங்கியிருக்கிறான். மறுபடி ரத்தமாக இருமி ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் உண்மையைக் கக்கினான்.

கிருமி சும்மா இருக்குமா? டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ. செய்கிற பாலிமரேஸ் என்ற நொதி அதற்குள் இருக்கிறது. அது நின்றால் கிருமியின் கதை முடிந்தது. சிவப்பு மாத்திரை அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு வேலையைக் கெடுக்கும். அரைகுறையாக மருந்து தின்றவன் உடம்பில், நொதியில் ஓரிடம் மாறிப்போன கிருமிகள் தப்பித்துப் பெருகிவிடும். அப்புறம் மாத்திரைக்கு ஒட்ட இடமிருக்காது.

கிருமி உண்டா, அது மாறிய கிருமியா என்று கண்டுபிடிக்கிற மெஷினில் இன்று ஓடுவது தம்பி பெண்டாட்டியின் சளி. மூன்று வாரமாக இருமல். கிருமி இருந்தாலும் இருந்து தொலையட்டும், மாறிய கிருமியாக மட்டும் இருக்கக் கூடாது என்று இரண்டு மணி நேரம் திரையைவிட்டு நகராமல் நின்றாள்.

கிருமி உண்டு என்றது திரை. சிவப்பு மாத்திரைக்குக் கட்டுப்படாது என்றது. பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் முகக்கவசத்தோடு காத்திருந்தவளிடம் சொன்னாள்.

“நான் ஒரு மாத்திரைகூடத் தொட்டதில்லையே அண்ணி! எனக்கு எப்படி மருந்து கேக்காமப் போகும்?”

“அவன் உடம்புல தப்பிச்ச கிருமிதாம்மா உன்கிட்ட வந்திருக்கு.”

“அவர் சாப்பிடலன்னு உங்களுக்குத் தெரியவே இல்லையா?”

“சத்தியமா தெரியாது. கலரு சரியா இருந்துச்சு. என் தம்பிதானேன்னு நம்பிட்டேன்.”

தம்பி பெண்டாட்டி தன் தோளில் வைத்த நாத்தனாரின் கையை எடுத்துக் கீழே விட்டாள்.

“வேற மருந்து இருக்குல்ல?”

“இருக்கும்மா. நாள் கூட ஆகும். நானே பக்கத்துல இருந்து குடுக்கறேன்.”

“வேணாம் அண்ணி. யாராவது வேத்தாளா பாத்து குடுக்கச் சொல்லுங்க.”