இடுப்பில் ஒட்டுப்போட்ட உள்பாவாடை

ஹவானாவில் செப்புத் தகட்டுக்குக் காத்திருந்தால் தலை நரைத்துவிடும். அதனால் எங்கள் அச்சுப் பட்டறையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அட்டையில் ஒட்டுவோம்: வெங்காயச் சருகு, கொசுவலை, கிழிந்த துணி. காய்ந்ததும் மை தடவி, ஈரத்தாளை மேலே வைத்து உருளைக்கடியில் விட்டால், ஒவ்வொரு இழையும் தாளில் வந்துவிடும்.

பட்டறையில் என்னோடு வேலை செய்யும் யமில்காவுக்கு இந்தத் தடவை பெரிய யோசனை. தன் குடியிருப்பில் எல்லார் வீட்டிலிருந்தும் நைந்த துணி ஒன்றை வாங்கி அச்செடுத்து, அடியில் அவரவர் பெயரைப் போட வேண்டும். மற்றவர்கள் கந்தலைக் கொடுத்தார்கள். எதிர்வீட்டு ஒனேலியா மட்டும் கண்காட்சி என்று கேட்டதும் தன் கல்யாண மேசைவிரிப்பைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொடுத்தாள்.

அதில் வறுமை தெரியவில்லையாம் யமில்காவுக்கு. இந்தப் பேச்சே எனக்கு ஆகாது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு மை கலக்கினேன். ஒனேலியாவின் உள்பாவாடையைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தவள், ஒனேலியாவே கொடுத்தாள் என்று எங்களிடம் சொல்லிவிட்டாள். ஒனேலியாவோ காற்று அடித்துக்கொண்டு போனதாக நினைத்திருந்தாள்.

திறப்பு விழாவுக்கு ஒனேலியா காதில் தோடு, முகத்தில் பவுடர் சகிதம், தேவாலயத் தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மேசைவிரிப்பைக் காட்டத்தான் அந்தக் கூட்டம். சுவர் சுவராகத் தேடினார்கள். அவள் பெயருக்கு மேலே ஆளுயரத்தில் உள்பாவாடையின் அச்சு தொங்கியது. இடுப்பில் பெரிய ஒட்டு, தையல் ஒன்று விடாமல் தெரிந்தது.

சொரைடா என்கிற தோழி பெயர்ச்சீட்டைச் சத்தமாகப் படித்தாள். "இது உன்னோடதா?"

"என்னோடதுல ஒட்டு இடப்பக்கம்ல இருக்கும்," என்றாள் ஒனேலியா அவசரமாக. "இது வலப்பக்கம். வேற யாரோடதோ."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்காட்சிக் கூடத்துப் பொறுப்பாளர் நல்ல மனுஷர், விவரம் சொல்லியே தீர்வார். அச்சில் இடம் வலமாக மாறிவிடும் என்று ஆரம்பித்தார். எனக்கு அவர் வாயைப் பொத்தலாம் போலிருந்தது.

யமில்கா குறுக்கே பாய்ந்து சீட்டைப் பிய்த்தாள். "பேரு மாறிப்போச்சு அத்தை. அது என்னோடது."

சொரைடா குச்சி மாதிரி நின்ற யமில்காவை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னோடதா? உன்ன மாதிரி ரெண்டு பேரு போகலாமேடி அதுக்குள்ள."

எல்லோரும் சிரித்தார்கள். யமில்காவின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. அவளோடு நின்ற எனக்கும் தரையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. அந்த அச்சுக்கு மை கலக்கியது என் கைதானே.

எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தது ஒனேலியாதான். சிரித்துக்கொண்டே யமில்காவின் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டாள். பார்த்தவர்களுக்கு அம்மாவும் மகளும் போலத்தான் இருந்திருக்கும். பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும் கேட்டது.

"இனிமே என் வீட்டுக் கதவத் தட்டாத மகளே."