கைக்கூடு

நூல் மூட்டைகளை இறக்கினால்தான் அவளைக் கிடத்தக் கட்டிலில் இடம் கிடைக்கும். டிரைவர் முதல் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய தோள்தான். ஆனாலும் அன்று காலை கம்பளி நூல்கூடக் கனத்தது.

"விடுங்கண்ணே, நாங்க எடுக்கிறோம்" என்று நர்ஸக்கா மூட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

அவர் மனைவி விடிகாலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றே மாதத்தில் அதே தெருவிலிருந்த நர்ஸக்காவையும் பேக்கரிக்காரியையும் சேர்த்துக்கொண்டு வீட்டு முன்னறையில் ஒரு பின்னல் குழுவை ஆரம்பித்துவிட்டாள்.

அவர்கள் பின்னியது ஸ்வெட்டர் இல்லை. இரண்டு பக்கமும் திறந்த கம்பளிக் குழாய். அதற்குள் இரு கைகளையும் விட்டுக்கொள்ளலாம். உள்ளேயும் வெளியேயும் பட்டன், ஜிப், ரிப்பன் என்று விரலுக்கு வேலை வைக்கும் சாமான்கள் தைத்திருக்கும். தெருக்கோடியில், நினைவு தப்பிய முதியவர்களுக்கென்று ஒரு தொண்டு இல்லம் இருந்தது. அங்கே நாள் முழுக்கப் போர்வையைப் பிய்த்துக்கொண்டும் தோலைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டும் இருந்த கைகளுக்குத்தான் இது. 'கைக்கூடு' என்று பெயர் வைத்தவளும் அவளே.

ஆரம்பத்தில் பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூலும் டிரைவரின் சட்டைப் பட்டன்களும்தான் மூலதனம். எந்தச் சட்டையை எடுத்தாலும் நெஞ்சு தெரியும். "காத்தோட்டமா இருக்கட்டுமே" என்பாள். அப்புறம் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் போட்டாள். கிடைத்தது சின்னத் தொகைதான். ஆனால் பழைய தையல் மெஷின் ஒன்று வந்தது, துவைத்தாலும் சாயம் போகாத நூல் வந்தது. நூல் வந்ததும் ஆட்களும் வந்தார்கள். மூன்று பேர் பதினான்கு பேரானார்கள். டிரைவர் சொந்த வீட்டில் உட்கார இடம் தேடி அலைந்தார்.

அடுத்த வருஷமும் நிதி தரலாமா என்று நேரில் பார்க்க, அந்த அறக்கட்டளை அதிகாரி அன்றைக்குத்தான் பதினோரு மணிக்கு வருவதாக இருந்தது.

"அந்த ஆபீசரம்மாவ இன்னொரு நாள் வரச் சொல்லிடட்டுமாண்ணே?" என்று நர்ஸக்கா கேட்டாள்.

"இன்னொரு நாள்னா வருவாங்களா?"

"நாளையோட முடிவு பண்ணிடுவாங்களாம்."

"அப்ப வரட்டும். அவ கூப்பிட்ட ஆளு. வேணாம்னு சொல்ல நான் யாரு?"

நர்ஸக்கா போகாமல் நின்றாள். "நாளைக்கு இல்லத்துக்குக் குடுக்கறதா சொல்லியிருந்தோம். இன்னும் ஆறு பாக்கி..." என்று இழுத்தாள்.

"அதுக்கென்ன, உக்காந்து பின்னுங்க. சும்மா இருக்கிறவங்களக் கண்டா அவளுக்கு ஆகாது."

அவளைக் கிடத்திய கட்டிலைச் சுற்றி நாற்காலிகள் வந்தன. ஊசிகள் ஓடின.

"அவங்க பின்னின முதல் கூடு ஞாபகம் இருக்கா?" என்றாள் பேக்கரிக்காரி. "ரெண்டு பக்கத்தையும் தைச்சு மூடிட்டு, கையை எப்படி விடறதுன்னு அரை மணி நேரம் யோசிச்சாங்க!"

யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லோரும். சிரிப்பு அடங்கும்போது இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

அந்தச் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு முகமலர்ச்சியோடு உள்ளே வந்த இளம்பெண்தான் அதிகாரி. கட்டிலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயோ, எனக்குத் தெரியாதுங்க. நான் அப்புறமா..."

"வாங்கம்மா. நீங்க வர்றீங்கன்னு நேத்தே வீட்டக் கூட்டிப் பெருக்கி வெச்சிட்டா" என்றார் டிரைவர்.

அவள் உட்கார்ந்தாள். ஒரு கைக்கூட்டை வாங்கிக் கையை விட்டுப் பார்த்தாள். ஜிப்பை இழுத்தாள், மூடினாள், மறுபடி இழுத்தாள். கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கையிலிருந்த ஃபைலைத் திறந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா. குழுத் தலைவரால தொடர முடியாமப் போனா யார் பொறுப்புன்னு விண்ணப்பத்துல ஒரு கேள்வி இருக்கு. அம்மா எழுதின பதில நீங்க பாக்கணும்."

உருண்டை உருண்டையாக மனைவியின் கையெழுத்து: 'என் கணவர். நேரம் தவறாதவர். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.'

டிரைவர் படித்தார். மறுபடியும் படித்தார். தோள் குலுங்கச் சிரிப்பு வந்தது. "நாப்பது வருஷமா இப்படித்தாம்மா. முடிவு பண்ணிட்டுத்தான் சொல்லுவா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"அப்ப உங்க பேரையே போட்டுக்கட்டுங்களா?"

"போட்டுக்கோங்க. பின்னத் தெரியாதுன்னும் சேத்து எழுதிக்கோங்க."

வாசல்வரை போனவள் நர்ஸக்காவிடம் திரும்பினாள். "எந்தெந்த நிறத்துல நூல் வேணும்னு ஒரு பட்டியல் அனுப்பி வைங்கக்கா."

சாயங்காலம் அடக்கம் முடிந்தது. மறுநாள் பத்து மணிக்கு டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு நர்ஸக்காவோடு இல்லத்துக்குப் போனார். இதற்குமுன் எத்தனையோ தடவை மனைவியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார். வாசலைத் தாண்டியதில்லை.

ஜன்னலோரம் ஒரு மூதாட்டி புடவை ஓரத்தை நூல் நூலாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் குனிந்து அவள் மடியில் கைக்கூட்டை வைத்தார். அவள் ஒரு பக்கம் கையை விட்டாள். சற்று யோசித்தாள். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்து, மறுபக்கம் வழியாக அவர் கையையும் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, அடுத்த ரூமுக்குப் போலாமா?"

"நீ போம்மா, வர்றேன்" என்றவர், பக்கத்திலிருந்த நாற்காலியைக் காலாலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.